எந்த ஸ்கூல் தம்பி?

போன மாதம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பத்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்தார்.

"தம்பி, ஒரு உதவி. என் மக வீட்டுலதான் படிக்கிறா. அவளுக்கு ஸ்கூல் கார்டு கிடையாது. போற இடத்துலெல்லாம் கேக்குறாங்க. உங்க இயக்கத்து பேர்ல ஒரு ஸ்டூடன்ட் கார்டு போட்டுத் தர முடியுமா?"

"யோசிச்சுச் சொல்றேங்க்கா" என்றேன்.

அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். கணினியில் பத்து நிமிட வேலைதான். ஆனால், மாணவர் கார்டு என்றாலே எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்துவிடும். அதை வகுப்பில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தம்பி தங்கைகளே, இந்த மாதப் பாடமாக அதையே வைத்துக்கொள்வோம்.

கவுண்டரில் நின்ற பையன்

எனக்குத் திக்குவாய். இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. படிவம் ஒன்றில் படித்தபோது மோசமாக இருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். பின்னால் இருப்பவர்கள் அதே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆண்டு முடிவதற்குள் காலையில் சீருடையைப் பார்த்தாலே வாந்தி வரும் நிலைக்கு வந்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் பல நாள் பேசி, என்னை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

அந்த நாளில் நம் நாட்டுச் சட்டம் ஆரம்பக் கல்வியை மட்டும்தான் கட்டாயமாக்கியிருந்தது. நான் ஆறாம் ஆண்டு முடித்தவன் என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது.

எனக்குப் பதினான்கு வயது. இதே ஞாயிறு வகுப்பிலிருந்து எங்களை ஓர் அறிவியல் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். மாணவருக்கு ஒரு விலை, பெரியவருக்கு ஒரு விலை. எல்லாரும் வரிசையாகப் பள்ளிக் கார்டைக் காட்டி உள்ளே போனார்கள். என் முறை வந்தது.

"செகோலா மானா?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். எந்தப் பள்ளி?

வீட்டில் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தேன். முதல் எழுத்து வரவில்லை. அவர் காத்திருந்தார். வரிசையும் காத்திருந்தது. கடைசியில் அவரே, "தா செகோலா?" என்றார். பள்ளிக்குப் போகவில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கூட வந்த அண்ணன் பெரியவர் டிக்கெட் வாங்கி என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அன்று உள்ளே என்ன பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

கார்டு என்பது சில வெள்ளி கழிவுக்கான விஷயம் என்று மற்றவர்கள் நினைக்கலாம். எனக்கு அது வேறு. கார்டைக் காட்டினால் பேச வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

அந்த மாதமே என் மாமா மகன் தன் பழைய பள்ளிக் கார்டைக் கொடுத்தான். "டேய், நான் ஸ்கூல் மாறிட்டேன். இது எனக்கு வேணாம். மூஞ்சி ஒரே மாதிரிதானே இருக்கு, வச்சுக்க." வாங்கிக்கொண்டேன். நான்கு மாதம் அதை வைத்துப் படம் பார்த்தேன், புத்தகம் வாங்கினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒருநாள் புத்தகக் கடையில் ஓர் அண்ணன் கார்டைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அட, நம்ம ஸ்கூலு! நான் அங்கதான் படிச்சேன். எந்த கிளாஸ்? யாரு டீச்சர்?" அன்பாகத்தான் கேட்டார். நான் ஒரு வகுப்பைச் சொன்னேன். ஓர் ஆசிரியர் பெயரைச் சொன்னேன். அவர் மேலும் கேட்டார். மூன்றாவது பொய்க்கு வாய் வரவில்லை. அவர், "பரவால்ல தம்பி, மெதுவா சொல்லு" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னை உடைத்துவிட்டது. புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பேசாமல் தப்பிக்கத்தானே அந்தக் கார்டை வாங்கினேன்? கடைசியில் அதற்காக நான் அதிகமாகப் பேச வேண்டியதாகிவிட்டது, அதுவும் பொய்யாக.

நீ எந்தக் கோத்திரம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் அக்காவிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவர் திட்டவில்லை. ஒரு கதை சொன்னார். சாந்தோக்கிய உபநிடதத்தின் நான்காம் பகுதியில் வருவது. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சத்தியகாமன் என்ற சிறுவனுக்குக் குருவிடம் போய்ப் படிக்க ஆசை. அந்தக் காலத்தில் குரு முதலில் கேட்கும் கேள்வி, 'நீ எந்தக் கோத்திரம்?' என்பது. சத்தியகாமன் தன் தாய் ஜபாலையிடம் போய்க் கேட்டான். அந்தத் தாய் மறைக்கவில்லை. இளவயதில் பல இடங்களில் பணி செய்து அலைந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயர் ஜபாலை, உன் பெயர் சத்தியகாமன், ஆகவே சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்றாள்.

பையன் கௌதமர் என்ற குருவிடம் போனான். அவரும் கேட்டார். அம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே சொன்னான். யோசித்துப் பாருங்கள். ஒரு நல்ல கோத்திரத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? எல்லார் முன்னிலையிலும் தெரியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இவ்வளவு உண்மையாகப் பேசுகிறவன்தான் பிரம்மத்தைக் கற்கத் தகுந்தவன் என்று குரு முடிவு செய்தார். நீ உண்மையை விட்டு விலகவில்லை, போய்ச் சமித்து கொண்டு வா, உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

சமித்து என்றால் என்ன? ஹோமத்தில் போடும் காய்ந்த குச்சி. கோயிலில் ஹோமம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். குருவின் வீட்டு அக்கினி அணையாமல் பார்த்துக்கொள்வது அன்றைய மாணவனின் வேலை. அதனால் படிக்க வருகிறவன் கையில் சமித்தோடு வருவான். பிரச்ன உபநிடதத்தின் தொடக்கத்திலும் பிப்பலாதர் என்ற ரிஷியிடம் ஆறு பேர் கையில் சமித்தோடுதான் போகிறார்கள்.

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுதாண்டா அந்தக் காலத்து ஸ்டூடன்ட் கார்டு. அதுல பேரு கிடையாது, ஸ்கூல் கிடையாது. 'நான் கத்துக்க வந்திருக்கேன், வேலை செய்யத் தயாரா இருக்கேன்'னு மட்டும்தான் அது சொல்லும். உன் மாமா மகன் கார்டு என்ன சொல்லுது?"

அது 'நான் வேறொருவன்' என்று சொல்லியது.

ஒரு கார்டு எதைச் சொல்கிறது?

அன்றைய பாடம் கதையோடு நிற்கவில்லை. கார்டு என்றால் என்ன வேலை செய்கிறது என்று அக்கா என்னையே பிரித்துப் பார்க்கச் சொன்னார். உங்களுக்கும் இது உதவும்.

முதலாவது, நீ யார், எத்தனை வயது. இதற்கு நம்மிடம் ஏற்கனவே கார்டு இருக்கிறது. பன்னிரண்டு வயதானால் தேசியப் பதிவிலாகாவில் மைகாட் எடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 2003 முதல் மைகிட் இருக்கிறது. பல இடங்களில் கவுண்டரில் 'ஸ்டூடன்ட்டா?' என்று கேட்டாலும், அவர்களுக்கு வேண்டியது வயதுதான். அங்கே ஐசியைக் காட்டினால் வேலை முடிந்தது. எங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராக எனக்கு ஐசியும் அம்மாவின் கையெழுத்தும் போதுமாக இருந்தன. நான்தான் எல்லா இடத்திலும் பள்ளிக் கார்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, நீ படிக்கிறாயா. ஐசியில் இது இருக்காது. பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வரை உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சின்னப் பிள்ளை விலையும் கிடைக்காது, பள்ளிக் கார்டும் இருக்காது.

மூன்றாவது, உனக்காக யார் உறுதி சொல்கிறார்கள். பள்ளிக் கார்டின் பலம் இதில்தான். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, இவன் எங்கள் பையன் என்கிறார். கோத்திரம் கேட்டதும் ஏறக்குறைய இதற்குத்தான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு உறுதி சொல்பவர்கள் யார்? பெற்றோர்தான். ஜபாலையைப் போல. அந்தக் கையெழுத்துக்குப் பள்ளி முத்திரையின் எடை எல்லா இடத்திலும் கிடைக்காது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி மனவருத்தம் குறையும்.

இங்கே சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவு, 2003 முதல் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் இருக்கிறது. விலக்கு அளிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு உண்டு. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. ஆகவே வீட்டில் படிக்க வைக்க நினைக்கிறவர்கள், நான் படித்த காலத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் அமைச்சிடம் நேரில் கேட்டு, முறைப்படி எழுத்தில் விலக்குப் பெற வேண்டும். அந்தக் கடிதம்தான் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மிகவும் பலமான சான்று. எத்தனை அழகான கார்டு அடித்தாலும் அதற்கு ஈடாகாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையாக இருந்தால், சமூக நல இலாகா தரும் ஓகேயூ கார்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பள்ளி தேவையில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் 2003 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்பில் இருக்கிறது. விலக்குப் பெற்று வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டும். 2014 முதல் எடுசேவ் உதவித்தொகை வீட்டில் படிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பள்ளி வாசலுக்குள் போகாத பிள்ளையையும் மாணவராக ஓர் அரசாங்கம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நாங்கள் செய்த கார்டு

மாமா மகன் கார்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவர் பெயரில் நடிப்பதும், பொய்யான ஆவணத்தை உண்மையானது போலக் காட்டுவதும் தண்டனைச் சட்டத்தின் 419, 471ஆம் பிரிவுகளில் வரும் குற்றங்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினான்கு வயதுப் பையன் விளையாட்டாகச் செய்தது என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு அப்பாவும் நானும் உட்கார்ந்து எங்களுக்கென்று ஒரு கார்டு செய்தோம். பேப்பர் கடையில் அச்சடித்து லேமினேட் போட இரண்டு வெள்ளி ஆனது. அதில் என் படம், பெயர், அந்த ஆண்டு. 'பெலாஜார், பெண்டிடிக்கான் டி ருமா' என்று மலாயில் ஒரு வரி, 'வீட்டில் கல்வி கற்கும் மாணவர்' என்று தமிழில் ஒரு வரி. கீழே அப்பாவின் கையெழுத்து, கைப்பேசி எண்.

சில விஷயங்களை வேண்டுமென்றே போடவில்லை. அப்பா முதலில் ஏதோ ஒரு 'அகாடமி' என்று பெயர் போடலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு அகாடமி என்று பெயர் வைத்தால் அது இன்னொரு பொய். அரசாங்கச் சின்னம், அமைச்சின் சின்னம் போன்ற எதையும் தொடவில்லை. முழு ஐசி எண்ணும் போடவில்லை, தொலைந்தால் ஆபத்து. டிசம்பரோடு காலாவதியாகும் என்று எழுதினோம். அப்போதுதான் ஒவ்வோர் ஆண்டும், 'நீ இன்னும் படிக்கிறாயா?' என்று வீட்டிலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ள முடியும்.

அந்தக் கார்டு எல்லாக் கதவையும் திறந்ததா? இல்லை. ஒரு நீச்சல் குளத்தில் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்று சிரித்து மாணவர் விலைக்கே விட்டார்கள். ஒரு திரையரங்கில், "சாரி தம்பி, ஸ்கூல் கார்டுதான் வேணும், ரூல்ஸ்" என்றார்கள். முழு விலை கொடுத்தேன். விதி அப்படி என்றால் கொடுக்க வேண்டியதுதான். மற்றவன் பெயரில் கிடைத்த கழிவைவிட அந்த முழு விலை எனக்கு லேசாக இருந்தது.

அதிகமாக உதவியது நான் எதிர்பார்க்காத ஓர் இடத்தில். வார நாளில் காலை பத்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், பார்க்கிறவர்கள் எல்லாம் 'பொந்தெங்' என்றுதான் நினைப்பார்கள். ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டார். எழுத்து வாயில் நின்றது. கார்டை நீட்டினேன். அப்பாவுக்குப் போன் போட்டார், இரண்டு நிமிடம் பேசினார், "பெலாஜார் பாயிக்-பாயிக்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கார்டில் எல்லாமே உண்மையாக இருந்ததால்தான் அந்தப் போன் எனக்கு உதவியது.

நானூறு மாடுகள்

சத்தியகாமன் கதையின் இரண்டாம் பாதியை மறந்துவிடக்கூடாது. குரு அவனைச் சேர்த்துக்கொண்டதும் பாடம் நடத்தவில்லை. மெலிந்த, பலமில்லாத நானூறு மாடுகளைப் பிரித்துக் கொடுத்து மேய்த்து வரச் சொன்னார். இவை ஆயிரம் ஆகாமல் திரும்பமாட்டேன் என்று அவன் போனான். பல ஆண்டுகள் காட்டில் இருந்தான். வகுப்பறை கிடையாது. காளை ஒரு பகுதி சொல்லிக் கொடுத்தது. அக்கினி ஒன்று, அன்னம் ஒன்று, மத்கு என்ற நீர்ப்பறவை ஒன்று.

திரும்பி வந்தபோது குரு அவன் முகத்தைப் பார்த்தே, பிரம்மத்தை அறிந்தவன்போல் ஒளிர்கிறாயே, உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டார். மனிதர்கள் அல்லாதவர்கள் என்றான். ஆனாலும் நீங்களே எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

வீட்டில் படிப்பவர்களுக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, நான்கு சுவருக்கு வெளியேயும் படிப்பு நடக்கும். இன்னொன்று, அதற்காக ஆசிரியரே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. நான் கணிதத்துக்கு ஓர் ஆசிரியரிடம் போனேன், ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தேன். இங்கே தேவாரம் பாடித்தான் என் நாக்கு இளகியது. பாடும்போது திக்காது என்பதைக் கண்டுபிடித்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

மாடுகளை எண்ண வேண்டிய நாளும் வரும். நான் எஸ்பிஎம் தனியார் மாணவராக எழுதினேன். மலாயும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழ் என்பதால் அந்த இரண்டையும் விடாமல் படித்தேன். தேர்வு மண்டபத்தில் மேசைமேல் வைக்கச் சொன்னது ஐசியையும் தேர்வுப் பதிவுத் தாளையும்தான். வீட்டில் செய்த கார்டு பையிலேயே இருந்தது. கண்காணிப்பாளர் என் முகத்தையும் ஐசியையும் பார்த்தார், தலையாட்டினார், அடுத்த மேசைக்குப் போனார். எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை.

அந்த அக்காவுக்குப் பதில்

போன வாரம் அந்த அம்மாவிடம் பேசினேன். "உங்க மக இந்த இயக்கத்து ஸ்கூல்ல படிக்கிறான்னு கார்டு போட முடியாதுங்க்கா. எங்ககிட்ட ஸ்கூலே இல்ல" என்றேன். அவர் முகம் வாடியது. "ஆனா அவ ஒவ்வொரு ஞாயிறும் இங்க வர்றா. அது உண்மை. 'ஞாயிறு சமய வகுப்பு மாணவி'ன்னு எங்க செயலாளர் கையெழுத்தோட ஒரு கார்டு தர்றோம். வீட்டுப் படிப்புக்கு நீங்களும் அண்ணனும் கையெழுத்துப் போட்டு ஒண்ணு செய்ங்க. நான் உதவி பண்றேன். அமைச்சுக் கடிதத்தோட நகல் எப்பவும் பையில இருக்கட்டும்."

மைகிட்டில் படம் கிடையாது. ஆகவே படமும் பெற்றோர் எண்ணும் உள்ள ஒரு கார்டு, கழிவு கிடைக்காவிட்டாலும், பத்து வயதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

பிறகு அந்தச் சிறுமியிடம், "எந்த ஸ்கூல்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டேன்.

"வீட்டுல படிக்கிறேன்" என்றாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எனக்கு அதைச் சொல்ல இரண்டு ஆண்டு ஆனது.

உங்கள் பக்கத்தில் யாராவது அப்படிச் சொல்லத் திணறினால், சிரிக்காதீர்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் முந்திக்கொண்டும் சொல்லாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள்.

வகுப்பில் பேச

1. சத்தியகாமனின் இடத்தில் நீங்கள் இருந்தால், கோத்திரம் தெரியாது என்று சொல்லியிருப்பீர்களா? இன்று உங்களைக் கூச வைக்கும் கேள்வி எது?

2. உங்கள் பணப்பையில் உள்ள கார்டுகளை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது? அதற்கு உறுதி சொல்பவர் யார்?

3. 'எல்லாரும் செய்றாங்க, சின்ன விஷயம்தானே' என்று நண்பன் தன் மாணவர் கார்டைக் கொடுத்தால், நட்பு கெடாமல் எப்படி மறுப்பீர்கள்?

4. திருக்குறளில் வாய்மை முப்பதாவது அதிகாரம். வீட்டில் அதன் பத்துக் குறளையும் படித்து, இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஞாயிறு வந்து காரணம் சொல்லுங்கள்.